பழைய டூப்ளிகேட்டர் ஸ்டென்சில்: கத்தியில் பெயர் பொறிக்க வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

அம்பத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் சமையல் கத்திகளும் அரிவாள்மனை அலகுகளும் செய்து வருகிறேன். மாதம் இருபது உருப்படிகளுக்கு மேல் செய்வதில்லை. செய்த பொருளில் அது பிறந்த ஊரின் பெயர் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் குடத்துக்குப் பெயர் வெட்டும் மின்கருவியைத்தான் முதலில் முயன்றேன். குடத்தில் புள்ளி புள்ளியாக அழகாக இறங்கும் அந்த ஊசி, நெருப்பில் பழுக்கவைத்து எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்திய லாரி ஸ்பிரிங் பட்டையின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. எழுத்துப் பஞ்ச்சை (எழுத்து பதிக்கும் இரும்பு அச்சை) வைத்துச் சுத்தியலால் அடித்தால் அச்சின் முனை சிதையும், அல்லது அலகில் விரிசல் விழும். கடினப்படுத்துவதற்கு முன்பே பஞ்ச் அடித்துவிடலாம் என்றால், பின்னர் சாணை பிடித்து மெலிதாக்கும்போது பாதி எழுத்து தேய்ந்துபோகிறது. லேசர் மார்க்கிங் செய்து தரும் இடங்கள் உண்டு. நூற்றுக்கணக்கில் செய்வோருக்கு அதுவே ஏற்றது. ஐந்தும் பத்துமாகச் செய்யும் எனக்கு, ஒவ்வொரு முறையும் அலகுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு அலைவது ஒத்துவரவில்லை.

மிஞ்சியது மின்சார எச்சிங், அதாவது மின்சாரத்தால் உலோகத்தை அரித்து எழுத்து பொறிக்கும் முறை. உப்புநீரில் நனைத்த பஞ்சு, குறைந்த மின்னழுத்தத்தில் டிசி மின்சாரம், நடுவில் எழுத்து வடிவில் மட்டும் நீரை உள்ளே விடும் ஒரு தாள் ஆகிய மூன்றும் இருந்தால் எவ்வளவு கடினமான எஃகிலும் எழுத்து இறங்கும். முதல் இரண்டும் எளிதில் கிடைக்கும். மூன்றாவதற்காகத்தான் நான் இரண்டு மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலின் முடிவில் வாங்கிய ஒரு பெட்டி பழைய சைக்ளோஸ்டைல் ஸ்டென்சிலைப் பற்றியதே இந்த மதிப்புரை. டூப்ளிகேட்டர் என்னும் பழைய நகல் இயந்திரத்தில் மாட்டும் தாள் அது; அதில் தட்டச்சு அடித்த எழுத்தின் வழியே மை கசிந்து நகல் விழும்.

ஸ்டிக்கர் வெட்டும் வினைல் தாளில் எழுத்து வெட்டி ஒட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். பெரிய எழுத்துக்கு ஆகும். மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. ‘அ’ எழுத்தின் சுழிக்குள் இருக்கும் கடுகளவுத் தீவைப் பாருங்கள். வினைலில் அதைச் சுற்றி வெட்டியவுடன் அது தனியாகக் கழன்றுவிடும். அதைத் திரும்ப அதே இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும், அல்லது எழுத்தை உடைத்துப் பாலம் விட வேண்டும். தமிழில் சுழி இல்லாத எழுத்து எத்தனை? டூப்ளிகேட்டர் ஸ்டென்சிலில் இந்தத் தொல்லையே கிடையாது. அது நீண்ட நாரால் ஆன மிக மெல்லிய தாள். அதன் மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. தட்டச்சு அடிக்கும்போது எழுத்து பட்ட இடத்தில் பூச்சு மட்டும் விலகிவிட, நார்வலை அப்படியே நின்றுவிடுகிறது. ஆகவே சுழிக்குள் இருக்கும் தீவை நார்களே சுற்றிலும் பிடித்துக்கொள்கின்றன. மை கசிவதற்காகச் செய்த அந்த வழியில் உப்புநீரும் கசியும், மின்சாரமும் ஓடும். பூச்சு நீரை விடாது என்பதால் மற்ற இடங்களில் எஃகு பாதுகாப்பாக இருக்கும்.

இந்தத் தாளின் வரலாறும் சுவையானது. எடிசன் 1876-இல் காப்புரிமை பெற்ற மின்பேனா தாளில் நுண்ணிய துளைகளைக் குத்திக்கொண்டே எழுதியது. ஹங்கேரியிலிருந்து இலண்டன் சென்று குடியேறிய டேவிட் கெஸ்டெட்னர், முனையில் சிறு பல்சக்கரம் வைத்த பேனாவுக்கு 1881-இல் காப்புரிமை பெற்றார். அந்தச் சக்கரத்தால் வந்த ‘சைக்ளோஸ்டைல்’ என்ற பெயர்தான் நம் ஊரில் இயந்திரத்துக்கும், அதில் அடித்த நகலுக்கும், அந்த வேலைக்கும் சேர்த்தே நிலைத்துவிட்டது. தமிழில் உருட்டச்சு என்றும் சொன்னோம். சிகாகோவின் ஏ.பி. டிக் நிறுவனம் 1887-இல் மிமியோகிராஃப் என்ற பெயரில் இதே வகை இயந்திரத்தை விற்கத் தொடங்கியது. இவற்றுக்கு வேண்டிய நீண்ட நார்த்தாள் ஜப்பானிய மரப்பட்டைத் தாள் மரபிலிருந்து வந்தது. பள்ளி வினாத்தாள், தொழிற்சங்கத் துண்டறிக்கை, அலுவலகச் சுற்றறிக்கை, எத்தனையோ சிறுபத்திரிகைகள் என நம்மூரில் இரண்டு தலைமுறைகளின் எழுத்து இந்தத் தாளின் வழியேதான் கசிந்து வந்தது. ஜெராக்ஸும் கணினி அச்சும் பரவியபின் இதைக் கேட்பாரில்லை. எனவே இன்று கிடைப்பது பெரும்பாலும் பழைய இருப்புத்தான்.

தேடும்போது எந்தப் பெயரில் கேட்கிறோம் என்பது மிக முக்கியம். ‘ஸ்டென்சில்’ என்று மட்டும் கேட்டால் கோல அச்சும், பிள்ளைகள் படம் வரையும் பிளாஸ்டிக் தகடும் எடுத்துக் காட்டுவார்கள். ‘சைக்ளோஸ்டைல் ஸ்டென்சில்’ அல்லது ‘டைப் அடிக்கிற ஸ்டென்சில்’ என்று கேட்க வேண்டும். அப்போதும் இளம் விற்பனையாளர்களுக்குத் தெரியாது. கல்லாவில் பெரியவர் இருக்கும் கடையாகப் பார்த்து நுழைவது நல்லது. இணையவழியில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியபோது, டூப்ளிகேட்டர் மாஸ்டர் என்ற பெயரில் ஊதா நிறக் கார்பன் ஒட்டிய தாள்கள் வந்து சேர்ந்தன. அவை ஸ்பிரிட் டூப்ளிகேட்டருக்கு உரியவை. அதில் சாயம்தான் நகலாகிறது, தாளில் துளை விழுவதே இல்லை. எச்சிங்குக்கு அது எள்ளளவும் உதவாது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் அவர் மறுத்துவிட்டார். கறுப்பு நிறத்தில் தடித்திருக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டென்சில் என்ற மற்றொரு வகையும் பழைய கடைகளில் இருக்கிறது. மின்பொறியால் துளையிடுவதற்காக அதில் கரியைக் கலந்திருப்பார்கள். மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய இடத்தில் மின்சாரம் கடத்தும் தாளை வைப்பதில் பொருளில்லை என்பதால் அதை நான் வாங்கவில்லை.

கடைசியில் கிடைத்தது பாரிமுனையில், கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் நெருங்கிக் கிடக்கும் ஆண்டர்சன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில். பத்தடி அகலம்கூட இல்லாத பழைய ஸ்டேஷனரி கடை அது. கணக்குப் பேரேடுகளும் அரக்குக் குச்சிகளும் ரப்பர் ஸ்டாம்ப் மையும் விற்கிறார்கள். நான் கேட்டதும் பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். “இதை யாரும் கேட்டு இருபது வருசம் ஆச்சு தம்பி. எந்த ஆபீசு?” என்றார். ஆபீசு இல்லை ஐயா, கத்தியில் பெயர் பொறிக்க என்று சொல்லி, பையிலிருந்த ஒரு அலகை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கி விரல் நகத்தில் கூர்மை பார்த்துவிட்டு, ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து மூன்று பெட்டிகளைத் தாமே இறக்கினார். ஒரு பெட்டியில் 24 தாள், விலை 200 ரூபாய்.

இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதற்குக் காரணம் விலை மட்டுமன்று. பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக எடுத்து, குழல்விளக்கின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க அவர் என்னை விட்டார். இதை அனுமதிக்காத கடையில் பழைய ஸ்டென்சில் வாங்கவே கூடாது என்பேன். முப்பது நாற்பது ஆண்டு சென்னையின் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த தாள் அது. பூச்சு காய்ந்து நொறுங்கியிருக்கலாம். வெக்கையில் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். இராமபாணப் பூச்சி அரித்திருக்கலாம். விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகள் வானத்து மீன்கள் போலப் பளிச்சென்று தெரியும். தாளின் கீழ் மூலையை மெல்ல மடித்து விரிக்கவும் வேண்டும். மடிப்பில் வெள்ளைக்கோடு விழுந்து பூச்சு உதிர்ந்தால் அந்தத் தாளின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். மடிப்புத் தடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் நல்ல தாள். முதல் பெட்டியில் தாள்கள் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. இரண்டாவது நொறுங்கியது. மூன்றாவதை வாங்கிக்கொண்டேன். அதிலும் வீட்டில் வந்து நிதானமாகப் பார்த்தபோது 15 தாள் குறையற்றவை, 5 தாளில் ஊசித்துளைகள், 4 தாள் ஓரத்திலிருந்து நொறுங்கத் தொடங்கியவை.

பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நீலம் கலந்த பச்சை நிறத்தில் ஃபுல்ஸ்கேப் அளவிலான ஸ்டென்சில், அதன் கீழ் மெல்லிய கார்பன், அடியில் தடித்த பேக்கிங் தாள் ஆகிய மூன்றும் தலைப்பில் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. இயந்திரத்தின் கொக்கிகளில் மாட்டுவதற்கான துளைகள் தலைப்பில் உள்ளன. இத்துளைகளின் அமைப்பு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்றாலும் நமக்கு இயந்திரம் வேண்டாததால் எந்த வகையானாலும் சரிதான். ஓரங்களில் வரி எண்களும் எல்லைக் கோடுகளும் அச்சிடப்பட்டுள்ளன. கார்பனையும் பேக்கிங் தாளையும் கழற்றி எறிந்துவிடக் கூடாது. தட்டச்சு அடிக்கும்போது கீழே மெத்தையாக அவை இருந்தால்தான் எழுத்து சீராக வெட்டும்.

தட்டச்சு இயந்திரம் என்னிடம் இல்லை. அரசுத் தட்டச்சுத் தேர்வுகளின் புண்ணியத்தில் தமிழ்நாட்டின் ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எங்கள் பகுதி இன்ஸ்டிடியூட்டை நடத்தும் அம்மையார் இளமையில் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஸ்டென்சில் அடித்தவர். தாளைப் பார்த்ததும் எதையும் கேட்காமல், தமிழ் இயந்திரத்தின் ரிப்பன் நெம்புகோலை வெள்ளைப் புள்ளிக்குத் தள்ளினார். ரிப்பன் விலகினால்தான் உலோக எழுத்து நேராகத் தாளில் படும். பிறகு பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் எழுத்துமுகங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். சுழிகளில் மை அடைந்திருந்தால் வெட்டு மழுங்கும் என்றார். ‘அம்பத்தூர்’ என்று ஒவ்வொரு விசையாக, ஒரே அழுத்தத்தில், நிறுத்தி நிறுத்தி அடித்தார். வேகமாக அடித்தால் விரலுக்கு விரல் அழுத்தம் மாறும், ஓரெழுத்து ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் விழும். ஒரு தாளில் நான்கு பத்தியாகப் பத்து வரிசை, மொத்தம் நாற்பது முறை அடித்துக் கொடுத்தார். சுற்றிலும் இடம்விட்டு அடித்தது அவர் யோசனைதான். வெட்டி எடுக்கும்போது அந்த ஓரம் எஃகைப் பஞ்சிலிருந்து காக்கிறது.

அடித்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த நிமிடம் எனக்கு மறக்காது. எழுத்துகள் ஒளியால் எழுதியவை போல நின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ‘அ’வின் சுழிக்குள் இருந்த துணுக்கு நான்கைந்து நார்களில் தொங்கிக்கொண்டு தன் இடத்திலேயே இருக்கிறது. குறை என்றால் மெய்யெழுத்துகளின் புள்ளிகள்தான். சின்னஞ்சிறு முனையில் முழு அடியும் விழுவதால் புள்ளி நாரையும் அறுத்துக்கொண்டு ஓட்டையாகிவிடுகிறது. அதன் விளைவாக எஃகில் ம், த், ர் மூன்றின் புள்ளிகளும் எழுத்தைவிடச் சற்று ஆழமாகவும் பெரிதாகவும் இறங்குகின்றன. புள்ளிக்கு மட்டும் விசையை மெதுவாகத் தொட்டால் இது பெருமளவு குறைகிறது.

எச்சிங் செய்யும் முறைக்கு வருகிறேன். ரிச்சி தெருவில் வாங்கிய 12 வோல்ட், 2 ஆம்பியர் டிசி அடாப்டரின் பாசிட்டிவ் கம்பியை அலகின் வால்பகுதியில் கிளிப் போட்டு மாட்டுகிறேன். நெகட்டிவ் கம்பி, தீர்ந்துபோன டார்ச் பேட்டரியிலிருந்து எடுத்த கரிக்கம்பியில் இருக்கிறது. அதன் முனையில் பழைய கம்பளித் துண்டைச் சுற்றி நூலால் கட்டியிருக்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, கம்பளியை அதில் நனைத்துப் பிழிகிறேன். பிழிவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் நீர் தாளுக்கு அடியில் புகுந்து, எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிற மங்கல் படர்ந்துவிடும். என் முதல் இரண்டு அலகுகள் அப்படித்தான் வீணாயின. எண்ணெய்ப் பிசுக்கு நீங்க அலகை நன்றாகத் துடைத்து, ஸ்டென்சில் துண்டை வைத்து, நான்கு பக்கமும் இன்சுலேஷன் டேப்பால் இழுத்து ஒட்ட வேண்டும். பிறகு கம்பளி முனையை எழுத்தின் மேல் வைத்து மூன்று விநாடி, எடுத்து இரண்டு விநாடி என இருபது முறை தொட வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நார் அறுந்துவிடும். ஒவ்வொரு தொடுதலிலும் சிறு சீறல் கேட்கும், நுரை எழும், கம்பளி பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். அந்த நிறம் எழுத்திலிருந்து கரைந்து வந்த இரும்புதான்.

ஆழம் எவ்வளவு என்று கேட்போருக்காக ஒரு கணக்கு. ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு மணிநேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு கிராம் இரும்பு கரையும். அரை ஆம்பியர் ஒரு நிமிடம் என்றால் 8 அல்லது 9 மில்லிகிராம். ‘அம்பத்தூர்’ என்ற சொல்லின் கோடுகளுடைய மொத்தப் பரப்பு 30 சதுர மில்லிமீட்டர் என்று வைத்தால், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்ததில் மூன்று நான்கு பங்கு ஆழம் வரும். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்றாலும் விரல் நகத்தால் தடவினால் எழுத்து தட்டுப்படுகிறது. பலரும் விரும்பும் கறுப்பு நிறம் டிசியில் வராது. ஆழம் இறங்கியபின் தாளை அசைக்காமல், 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் ஏசியை ஐந்தாறு விநாடி கொடுத்தால் பள்ளத்துக்குள் கறுப்பு ஆக்சைடு படிகிறது. வீட்டு மின்சாரத்தை நேரடியாக இதில் பயன்படுத்தினால் உயிருக்கே ஆபத்து. டிரான்ஸ்பார்மர் வழியாக மட்டுமே செய்ய வேண்டும்.

கறுத்த எழுத்தை முதன்முறை பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தட்டச்சு எழுத்தின் அதே வளைவு, அதே சற்று ஒருபக்கம் சாய்ந்த ‘ப’, அந்த அம்மையாரின் இயந்திரத்துக்கே உரிய தேய்ந்த கால், எல்லாம் எஃகில் இறங்கியிருந்தன. கோட்டின் உள்ளே நார் கிடந்த இடங்களில் மிக நுண்ணிய ரேகைகள் உள்ளன. வெறும் கண்ணுக்குத் தெரியாது. லேசரின் கூர்மை இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையால் செய்த அலகில் இந்த எழுத்து இயல்பாகப் பொருந்துகிறது.

ஒரு துண்டு எத்தனை அலகுக்குத் தாங்கும்? பயன்படுத்தியவுடன் நீரில் அலசி, துணியில் ஒற்றி, நிழலில் உலர்த்தினால் எனக்குப் பன்னிரண்டு முறை நன்றாக வருகிறது. அதன்பின் கோட்டின் ஓரம் பிசிறடிக்கிறது. தின்னர், பெட்ரோல் எதையும் அருகில் கொண்டுசெல்லக் கூடாது. பூச்சு கரைந்துவிடும். ஒரு தாளில் நாற்பது துண்டு, துண்டுக்குப் பன்னிரண்டு முறை என்றால் 480 அலகுகள். மாதம் இருபது செய்யும் எனக்கு ஒரே தாள் இரண்டு ஆண்டுக்கு வரும். ஊசித்துளை விழுந்த ஐந்து தாளையும் நான் வீணாக்கவில்லை. பழைய நாளில் பிழை திருத்த ஸ்டென்சிலோடு விற்ற சிவப்புத் திரவம் இப்போது காய்ந்து கட்டியாகத்தான் கிடைக்கிறது. அதற்குப் பதில் நகப்பூச்சை ஒரு துளி வைத்து அடைத்தேன். நன்றாக நிற்கிறது. அடைக்காமல் விட்டால் அலகில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் விழும்.

பழைய ஸ்டென்சில் கிடைக்காதவர்கள் ரிசோகிராஃப் (சுருக்கமாக ரிசோ) என்னும் தானியங்கி நகல் இயந்திரத்தின் மாஸ்டர் தாளை முயலலாம். அதுவும் நீண்ட நார்த்தாளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியதுதான். பள்ளிகளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுக்கும் ரிசோ கடையில், உங்கள் முத்திரையை ஒரு தாள் நிறைய வைத்து ஓட்டச் சொல்லி, மை படும் முன் மாஸ்டரை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். படம், சின்னம் போன்றவற்றுக்கு அது மேல். எழுத்தின் விளிம்பு மட்டும் நுண்புள்ளிகளாகத் தெரிகிறது. எனக்குத் தட்டச்சு ஸ்டென்சிலின் தொடர்ச்சியான கோடே பிடித்திருக்கிறது.

வேலை முடிந்ததும் ஆப்பச் சோடா கரைத்த நீரால் அலகை நன்றாகத் துடைத்து, கழுவி, உலர்த்தி, தேங்காய் எண்ணெய் தடவிவிட வேண்டும். உப்பு பள்ளத்தில் தங்கினால் மறுநாளே துரு பூக்கும். எவர்சில்வர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலகில் செய்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அதில் கரையும் குரோமியம் நச்சுத்தன்மை உடையதாக மாறக்கூடும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்து, பயன்படுத்திய பஞ்சையும் நீரையும் சாக்கடையில் ஊற்றாமல் தனியாக மூடிவைக்க வேண்டும்.

வாங்குவோர் ஒரு பெட்டிக்கு மேல் வாங்க வேண்டியதில்லை. அலமாரியில் வைத்தாலும் அது முதுமையடைந்துகொண்டேதான் இருக்கும். என் பெட்டியை நான் வாங்கிய நாளே பிளாஸ்டிக் உறையில் இட்டு, தாள்கள் வளையாதபடி அட்டைக்கு நடுவே படுக்கவைத்து, பட்டறையில் உலையின் வெப்பம் படாத மூலையில் வைத்திருக்கிறேன். அந்தக் கடையில் நான் புறப்படும்போது மேல் தட்டில் இன்னும் ஏழெட்டுப் பெட்டிகள் இருந்தன. கூரைத் தகட்டுக்கு அருகில் இருப்பவை வெக்கையில் ஒட்டியவையாக இருக்கும் என்றும், கீழே பேரேடுகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டைக் கேட்டு வாங்குவது நல்லது என்றும் பெரியவரே சொல்லி அனுப்பினார்.